நீங்களா இருந்தா அமுக்கியிருப்பீங்களா அப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மயூர் விஹார் வீட்டில் காலை இட்லியும் மிளகாய்ப் பொடியுமாக உட்கார்ந்திருந்தோம். எதிரில் மகள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் உளவியல், மூன்றாம் வருடம். "அப்பா, ஒருத்தர் வெள்ளை கோட் போட்டுக்கிட்டு வந்து, பக்கத்து ரூம்ல இருக்கறவருக்கு ஷாக் கொடுங்கன்னு சொன்னா நீங்க ஸ்விட்சை அமுக்குவீங்களா?" என்றாள்.

"சேச்சே, நான் எதுக்கு அமுக்கறேன்" என்றேன். தங்கமணி சமையலறையில் இருந்து சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் இந்தப் பதிவுக்குக் காரணம் :-)

மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதிகாரத்துக்கு மனிதர்கள் எப்படிக் கீழ்ப்படிகிறார்கள் என்று சோதிக்க ஓர் ஆய்வை வடிவமைத்துத் தர வேண்டும். இப்போதைக்கு நடத்த வேண்டாம், திட்டம் மட்டும் போதும். நான் கட்டடக் கலவை பார்க்கிற சிவில் எஞ்சினியர், எனக்கும் உளவியலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் மூன்று வாரம் அவளோடு உட்கார்ந்து படித்ததில் சில விஷயங்கள் மண்டையில் ஏறி இறங்க மாட்டேன் என்கின்றன. இங்கே இறக்கி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1961-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை தொடங்கினார். நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார். கூலி நாலரை டாலர். வந்தவர் 'ஆசிரியர்'. பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டவர் 'மாணவர்'. மாணவர் தப்பாகப் பதில் சொன்னால் ஆசிரியர் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வோல்ட் வரை 30 ஸ்விட்சுகள். உண்மையில் மின்சாரமே கிடையாது, மாணவர் ஏற்கெனவே பேசிவைத்த ஆள். ஆசிரியருக்கு மட்டும் அது தெரியாது. அவர் தயங்கினால் பக்கத்தில் நிற்கும் ஆய்வாளர், தயவுசெய்து தொடருங்கள் என்பதில் ஆரம்பித்து, உங்களுக்கு வேறு வழியே இல்லை என்பது வரை நாலு படியாகச் சொல்வார். அவ்வளவுதான், அடி உதை மிரட்டல் எதுவும் இல்லை.

கடைசி ஸ்விட்ச் வரை எத்தனை பேர் போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் மில்கிராம் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருத்தர் போகலாம் என்று கணித்தார்கள். நடந்தது வேறு. 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். நூற்றுக்கு 65.

இந்த 65-ஐ நம்மில் பலர் எங்கேயாவது படித்திருப்போம். மனிதன் அடிப்படையில் ஆட்டுமந்தை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மகள் ஒரு அட்டவணையைக் காட்டினாள். மில்கிராம் ஒரே ஒரு சோதனை செய்யவில்லை, அறையின் அமைப்பை மாற்றி மாற்றி இருபதுக்கும் மேல் செய்திருக்கிறார். மாணவரை அதே அறையில் உட்காரவைத்தபோது 65 என்பது 40 ஆயிற்று. அவர் கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைக்கச் சொன்னபோது 30. ஆய்வாளர் அறையில் இல்லாமல் போனில் உத்தரவு கொடுத்தபோது ஏறக்குறைய 20. அந்த அமைப்பில் சிலர், சொன்ன வோல்ட் கொடுத்துவிட்டேன் என்று போனில் புளுகிவிட்டுக் குறைந்த ஸ்விட்சையே அமுக்கிக்கொண்டிருந்தார்களாம். கூட உட்கார்ந்திருந்த இரண்டு 'ஆசிரியர்கள்' நாங்கள் மாட்டோம் என்று எழுந்து போனபோது வெறும் 10.

கவனியுங்கள். அதே ஊர், அதே மாதிரி ஆட்கள், அதே இயந்திரம். அறையை மாற்றியதும் 65 என்பது 10 ஆகிறது. அப்படியானால் இது மனிதனின் குணத்தை அளந்த எண்ணா, அந்த அறையை அளந்த எண்ணா? என் கட்சி, அறையைத்தான். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதுதான். கீழ்ப்படிதலைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் 'எத்தனை பேர் பணிந்தார்கள்' என்று எண்ணுவதைவிட, 'எது இருந்தால் ஒருத்தரால் முடியாது என்று சொல்ல முடிகிறது' என்று தேட வேண்டும். அதுவும் நம் ஊரில் கட்டாயம் தேட வேண்டும்.

நம் ஊர் என்றதும் இன்னொரு சங்கதி. இந்தச் சோதனை தில்லியிலேயே நடந்திருக்கிறது! 1983-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் குப்தா என்பவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, பல்கலைக்கழக மாணவர்களை வைத்து. அச்சில் வராத ஆய்வேடு. உலகம் முழுக்க மில்கிராம் பாணியில் நடந்த சோதனைகளைத் தொகுத்த தாமஸ் பிளாஸ் என்பவரின் 2012-ம் ஆண்டுக் கட்டுரையில் இதுவும் ஒரு வரியாக இருக்கிறது. நாலு அமைப்புகளின் சராசரி, 42.5.

மகள் இதைச் சொன்னதும் எனக்குள் இருந்த தேசபக்தன் துள்ளினான். பார்த்தாயா, அமெரிக்காக்காரன் 65, நாம் 42! அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நாலு அமைப்புகளின் சராசரியை ஒரே அமைப்பின் 65-ஓடு எப்படி ஒப்பிடுவது? அங்கே ஊர்க்காரர்கள், இங்கே மாணவர்கள். நடுவில் இருபது வருடம் வேறு. பிளாஸ் கணக்குப்படியே அமெரிக்கச் சோதனைகளின் சராசரி ஏறக்குறைய 61, மற்ற நாடுகளின் சராசரி ஏறக்குறைய 66. எந்த நாட்டுக்காரனும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. வெள்ளை கோட் போட்ட விஞ்ஞானி அமெரிக்காவில் பெரிய ஆளாக இருக்கலாம். தில்லியில் அவருக்கு யார் பயப்படுகிறார்கள்? இங்கே அதிகாரத்தின் உடுப்பு வேறு. பெரிய சாஹப்பின் பி.ஏ. போன் செய்து 'சாப் நே போலா ஹை' என்றால் போதும், முடிந்தது கதை. சாப் சொன்னாரா, எப்போது சொன்னார், எந்தக் காகிதத்தில் சொன்னார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இது அரட்டை இல்லை, இந்த நகரத்தின் சரித்திரம். 1975-77 நெருக்கடி நிலையின்போது தில்லியில் வீடுகள் இடிக்கப்பட்டன. 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் இடிக்க வந்தவர்களை எதிர்த்த மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறகு 1977-ல் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டது. திரும்பத் திரும்ப வந்த பதில், மேலிடத்தில் வாயால் சொன்னார்கள், செய்தோம். அந்த மேலிடமான சஞ்சய் காந்தி அப்போது எந்த அரசுப் பதவியிலும் இல்லை. மில்கிராமின் ஆய்வாளருக்காவது பின்னால் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது!

இதற்கு மருந்தும் தில்லியில்தான் எழுதப்பட்டது, ஆனால் வெகு காலம் கழித்து. மத்திய அரசின் கேபினட் செயலராக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு பல ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அரசு அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை வைத்துக்கொண்டு செயல்படக் கூடாது, அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய அம்சம். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நீதிமன்றமும் மில்கிராம் மாதிரி அறையைத்தான் மாற்றியிருக்கிறது. அதிகாரிகளின் குணத்தைத் திருத்தப் போகவில்லை. மேஜையில் ஒரு காகிதத்தை வைத்து, 'இதில் எழுதிக் கொடுங்கள் சார்' என்று கேட்க ஒரு பிடி கொடுத்திருக்கிறது.

சரி, மகளின் திட்டத்துக்கு வருகிறேன். முதல் வரைவில் அவள் எழுதியிருந்தது, ஹாஸ்டலில் இருக்கும் முதல் வருடப் பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைத்து, ஒரு மூத்த மாணவி வந்து தாள் தாளாக எழுது, கிழி, மறுபடி எழுது என்று அதட்டுவது. எத்தனை நேரம் பணிகிறார்கள் என்று கடிகாரத்தில் பார்ப்பது. அவளுடைய ஆசிரியை சிவப்பு மையில், இது ஆய்வா ராகிங்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். சரியான கேள்வி. மில்கிராமையே 1964-ல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இதற்காகத்தான் கடுமையாகக் கண்டித்தார். வந்தவர்கள் வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஜீனா பெரி 2012-ல் எழுதிய புத்தகத்தில், கலந்துகொண்ட பலருக்கு அது நாடகம் என்ற முழு உண்மை மாதக்கணக்கில் சொல்லப்படவில்லை என்று காட்டியிருக்கிறார். அத்தனை நாள் அந்த மனிதர்கள் என்ன நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பார்கள்?

2009-ல் ஜெர்ரி பர்கர் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்து வெளியிட்டார். மாணவரின் முதல் கதறல் வரும் 150 வோல்ட்டோடு சோதனையை நிறுத்திவிடுவது. ஏனென்றால் மில்கிராமிடம் 150-ஐத் தாண்டியவர்களில் ஐந்தில் நாலு பேர் கடைசி வரை போயிருக்கிறார்கள். ஆகவே அதற்கு மேல் வதைக்கத் தேவையில்லை. மன அழுத்தம் தாங்காதவர்களை முன்னாலேயே விலக்கி, எப்போது வேண்டுமானாலும் போகலாம், பணம் உங்களுக்கே என்று மூன்று முறை சொல்லியும், 150-க்கு மேல் போகத் தயாராக இருந்தவர்கள் நூற்றுக்கு 70. அந்தச் சோதனையில் இன்னொரு ருசியான விஷயம். உங்களுக்கு வேறு வழியே இல்லை என்ற நாலாவது, அப்பட்டமான உத்தரவு வந்த பிறகு ஒருத்தர்கூடத் தொடரவில்லையாம். உத்தரவாகச் சொன்னால் முரண்டு பிடிக்கிறோம், நல்ல காரியத்துக்கு உதவி என்று நைச்சியமாகச் சொன்னால் போய்க்கொண்டே இருக்கிறோம்.

நம் ஊர் அதிகாரமும் இந்த நைச்சிய ரகம்தான். பாட்னாவில் இருந்து எழுதிய ஜே.பி.பி. சின்ஹா என்ற உளவியலாளர் 1980-லேயே சொல்லியிருக்கிறார். இந்தியாவில் எடுபடுகிற மேலதிகாரி கீழே இருப்பவரைப் பேணிப் பாதுகாத்துக்கொண்டே வேலை வாங்குகிறவர் என்று. அப்பா மாதிரி. அப்பாவிடம் எழுதிக் கொடு என்று யார் கேட்பார்கள்?

இந்த இடத்தில் நான் ஒரு கதை சொல்லியாக வேண்டும். மகளிடம் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்.

பல வருடம் முன்னால், தில்லியை ஒட்டிய ஒரு சைட்டில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. ஒரு தளத்துக்குப் போட்ட காங்கிரீட்டின் 28 நாள் க்யூப் டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை. பில் அன்றைக்கே போக வேண்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் என் கையெழுத்து வேண்டும். மேலாளர் போனில் பேசினார். அதட்டவே இல்லை. பையனுக்கு ஜுரம் எப்படி இருக்கு என்று என் மகனைப் பற்றி விசாரித்துவிட்டு, "சைன் கர் தோ யார், மை ஹூன் நா" என்றார். போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. பாஸ். கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை, இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் பையன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், அடுத்த தளத்துக்கு என்னைக் கேட்காமலே அதே கட்டத்தில் கையெழுத்து போட்டான். "நீங்க போட்டீங்களே சார்" என்றான். எனக்கு வாய் எழவில்லை. மில்கிராம் அறையில் இரண்டு பேர் எழுந்து போனதால் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. என் சைட்டில் எழுந்து போக வேண்டியவன் நான், உட்கார்ந்துவிட்டேன்.

மகள் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதையே நான் எடுத்துக்கட்டுமா அப்பா?" என்றாள்.

இரண்டாவது வரைவு இப்படி வந்தது. கலந்துகொள்பவருக்கு 20 கணக்குகள் உள்ள தாள். சரிபார்க்கப் பாதி கணக்குக்குத்தான் நேரம் போதும். நேரம் முடிந்ததும் மேற்பார்வையாளர், முழுத் தாளும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்து போடச் சொல்வார். ஒரு குழுவுக்கு நேரில் சொல்வார். இன்னொன்றுக்குப் போனில். மூன்றாவதுக்கு நேரில், கூடவே 'பொறுப்பு என்னுடையது' என்று சேர்த்துச் சொல்வார். நாலாவது குழுவின் தாளில் மட்டும் மேலே ஒரு வரி இருக்கும், எந்த உத்தரவையும் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று. யார் எந்தக் குழு என்பது சீட்டுக் குலுக்கி. போட்டார்களா, மறுத்தார்களா, கேள்வி கேட்டார்களா, மூன்றையும் குறிக்க வேண்டும். கடைசியில், இது நாடகம் என்று நடுவில் சந்தேகப்பட்டீர்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

நான் என் எஞ்சினியர் மூளையைக் காட்டினேன். யாருமே சொல்லாவிட்டாலும் சோம்பலில் கையெழுத்து போடுகிறவர்கள் இருப்பார்களே, அவர்களை எப்படிப் பிரிப்பாய்? உத்தரவே இல்லாத ஐந்தாவது குழு சேர்ந்தது. (என் பங்களிப்பு, பெயர் போடச் சொல்லியிருக்கிறேன்!)

கடினமான பகுதி ஒப்புதல் படிவம். முழு விஷயத்தையும் முன்னால் சொன்னால் சோதனை நடக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்காக 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைப் பேசுகின்றன. உண்மையை மறைக்க வேண்டியிருந்தால் நெறிமுறைக் குழு பரிசீலிக்க வேண்டும், பிறகு விளக்க வேண்டும். நல்லது. ஆனால் நம் கல்லூரிகளில் அதற்கும் முன்னால் ஒரு சிக்கல். இன்டர்னல் மார்க் போடுகிற சார் வந்து, விருப்பப்பட்டவர்கள் கையெழுத்து போடுங்கள் என்றால் எந்தப் பிள்ளை போடாமல் இருக்கும்? கீழ்ப்படிதல் சோதனை அறைக்குள் ஆரம்பிக்கவில்லை, ஒப்புதல் படிவத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்தவர்களை வைத்து எடுத்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

ஆகவே மகளின் திட்டத்தில், பாடம் நடத்தும் யாரும் ஒப்புதல் கேட்கக் கூடாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் பெட்டியில் போடலாம், போடாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. முடிந்த உடனே, அதே அறையில், முழு உண்மையும் சொல்லப்படும். 'நீங்கள் கையெழுத்து போட்டது உங்கள் குணம் அல்ல, நாங்கள் அமைத்த அறை' என்று சொல்லி, அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும், கிழித்துப் போடட்டும். பெயரில்லாமல் ஒரு குறி மட்டும், அதுவும் அவர் சம்மதித்தால், ஆய்வுக்கு.

தமிழ்ச் சங்கத்தில் பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பிள்ளைங்களுக்கு எதிர்த்துப் பேசறதையா சொல்லிக் கொடுக்கறீங்க? ஊர் விட்டு ஊர் வந்தவங்க நாம. பணிஞ்சு போனதாலதானே இத்தனை வருஷம் இங்க பிழைச்சோம்" என்றார். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. வாடகை வீடு, தெரியாத பாஷை, சிபாரிசுக்கு ஆள் இல்லை. தலையாட்டுவதுதான் நமக்கு ரேஷன் கார்டு மாதிரி. பெரியவர்கள் சொல்வதைக் கேட்காமல் குடும்பமும் நடக்காது, அலுவலகமும் நடக்காது.

ஆனால் அதே பழக்கம்தான் இப்போது நம் வீட்டுப் பெரியவர்களைக் காவு வாங்குகிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்பு, பின்னால் ஒரு சின்னம், கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று சொல்ல வேண்டி வந்தது. எங்கள் அடுக்ககத்திலேயே ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், நம்மவர்தான், நாலு மணி நேரம் போன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதேச்சையாக உள்ளே வந்த மருமகள், "யாருப்பா அது? எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்று உரக்கக் கேட்டதும் லைன் கட்டாயிற்று. பணம் தப்பியது. அந்த மனிதர் முட்டாள் இல்லை. நாற்பது வருடம் அரசு வேலையில் உத்தரவுக்குப் பணிந்தே நல்ல பெயர் எடுத்தவர். அறையில் இன்னொருத்தர் வந்ததும் விடுபட்டார். மில்கிராமின் அட்டவணை அப்படியே.

அதனால் பணிவைக் கைவிடச் சொல்லவில்லை. பணிவோடு ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறேன். "சரி சார், எழுத்தில் கொடுங்கள்." நம் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே பழக்க வேண்டும். அதற்கு முதலில் அப்பாவிடம் அவர்கள் 'ஏன்' என்று கேட்டால் நாம் முறைக்காமல் இருக்க வேண்டும். எனக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கிறது, முயற்சி செய்கிறேன்.

மகள் திட்டத்தைச் சமர்ப்பித்துவிட்டாள். நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டால் அடுத்த பருவத்தில் நடக்கலாம். கடைசிப் பக்கத்தில் என் கதையைப் பெயரில்லாமல் சேர்த்திருக்கிறாள். அனுமதி என்று வாயால் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை.

"எழுதிக் கொடுங்க அப்பா" என்றாள். எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். இந்த முறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு.

பி.கு: வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்களா? இணைய மோசடிப் புகார் எண் 1930. பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழே, 'யாராக இருந்தாலும் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்' என்றும்.